சரணாகதியா... தட்டிக்கழிப்பா?

''எல்லாம் அவன் பார்த்துப்பான்!''

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாத வீடு நம் ஊரில் உண்டா? பிள்ளையின் படிப்பு, பெண்ணின் கல்யாணம், வராமல் நிற்கும் பணம், விற்காமல் கிடக்கும் சரக்கு... எதுவானாலும் பூஜையறையில் விளக்கேற்றி, நெற்றியில் திருநீறு இட்டு, இந்த வார்த்தையைச் சொன்னதும் மனசு லேசாகிவிடுகிறது. நம்பிக்கையின் பலம் அது. அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால், இதே வார்த்தையைச் சில நேரங்களில் வேறொரு காரணத்துக்காகவும் சொல்கிறோம். செய்ய வேண்டிய காரியம் ஒன்று கண்முன் நிற்கிறது. ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும். ஒன்றைக் கேட்க வேண்டும். கேட்டால் 'முடியாது' என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அந்தப் பயத்தை மறைக்க, பகவான் பெயரை முன்னால் நிறுத்திவிட்டு நாம் பின்னால் ஒளிந்துகொள்கிறோம். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்பதைத்தான் 'அவன் பார்த்துப்பான்' என்று பக்தியோடு சொல்லிக்கொள்கிறோமோ?

எது சரணாகதி, எது தட்டிக்கழிப்பு? இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? கொஞ்சம் உட்கார்ந்து யோசிப்போம், வாருங்கள்.

பனியன் நகரில் ஒரு பெண்

இந்தக் கேள்விக்குப் பொருத்தமான ஊர் திருப்பூர். நொய்யல் நதிக்கரையில் விஸ்வேஸ்வரரும் வீரராகவப் பெருமாளும் கோயில் கொண்டிருக்கும் ஊர். 1920-களில் இங்கே கால் ஊன்றிய பின்னலாடைத் தொழில், 1970-களின் கடைசியில் வெளிநாட்டு ஏற்றுமதியாக வளர்ந்து, இன்றைக்கு உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்களுக்குச் சட்டை போட்டுவிடுகிறது. 2009-ல் இது தனி மாவட்டத்தின் தலைநகரும் ஆனது.

இந்த ஊரின் விசேஷம் என்ன தெரியுமா? ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவதென்பது அபூர்வம். நூல் ஒரு கடையில், நிட்டிங் ஓர் இடத்தில், சாயம் இன்னோர் இடத்தில், பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கைமாறிக் கைமாறிப் போகும். பெரிய கம்பெனிகளுக்கு 'ஜாப் ஒர்க்' செய்து கொடுக்கும் சின்னச் சின்ன யூனிட்கள் சந்துக்குச் சந்து இருக்கும். அவற்றை நடத்துபவர்களில் பலர், ஒரு காலத்தில் தாங்களே மெஷினில் உட்கார்ந்து தைத்த தொழிலாளிகள்!

அப்படி ஒரு பெண்ணை மனசுக்குள் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டின் கீழ்த்தளத்தில் எட்டு மெஷின். ஓவர்லாக், ஃபிளாட்லாக் எல்லாம் அத்துப்படி. அவள் தைத்த பீஸில் ஒரு நூல் பிரிந்து பார்க்க முடியாது. ஆனால், கையில் இருந்த ஆர்டர் முடிந்துவிட்டது. அடுத்த ஆர்டருக்காகத் தெரிந்த நாலு கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். முன்பு தைத்துக் கொடுத்ததற்கு இரண்டு பில் பணம் வர வேண்டும்; அதையும் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் போனை எடுக்கிறாள். ஏழரை முதல் ஒன்பது ராகு காலம். சரி, அப்புறம் பேசலாம். ஒன்பது மணிக்கு மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை... செவ்வாயில் புதுசாக ஒன்றைத் தொடங்குவானேன்! புதன்கிழமை, பேக் செய்து வைத்த பழைய பீஸ்களைப் பிரித்து மறுபடியும் செக்கிங். வியாழக்கிழமை குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை; கோயிலில் நல்ல கூட்டம், திரும்ப மதியமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மகாலக்ஷ்மிக்கு உகந்த நாள். அன்றைக்குப் போய்ப் பணம் கேட்டால் யார் கையை விட்டுக் கொடுப்பார்கள்?

சனிக்கிழமை வந்துவிட்டது. திருப்பூரில் பெரும்பாலும் வாரச் சம்பளம். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்தவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள்... சாயங்காலம் கணக்கு நோட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள். அவள் காதிலிருந்த கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது.

இந்தப் பெண் சோம்பேறியா? இல்லவே இல்லை. வாரம் முழுக்க ஒரு நிமிஷம் உட்காரவில்லை. பக்தி இல்லாதவளா? அதுவும் இல்லை. பிறகு எங்கே தவறு?

உங்களிடம் மெஷின் இல்லாமலிருக்கலாம். ஊறுகாய் போட்டுக் கொடுக்கிறீர்கள். புடவை வாங்கி விற்கிறீர்கள். நாலு பிள்ளைகளுக்குப் பாட்டோ டியூஷனோ சொல்லித்தருகிறீர்கள். இரண்டு மாத ஃபீஸ் பாக்கி வைத்திருக்கும் அம்மாவிடம் கேட்க முடியாமல், கோயில் பிராகாரத்தில் அவரைப் பார்த்ததும் நீங்கள் வேறு பக்கம் திரும்பி நடந்ததுண்டா? கடன் வாங்கியவர் அவர். முகத்தை மறைத்துக்கொள்பவர் நீங்கள்! அப்படியென்றால் அந்தத் திருப்பூர்ப் பெண்ணும் நீங்களும் ஒன்றுதான்.

சோம்பல் வேறு... காலம் கடத்துவது வேறு!

திருவள்ளுவர் 'மடியின்மை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதில் ஒரு குறளில், கெட்டுப்போகப் போகிறவர்கள் ஆசை ஆசையாக ஏறி உட்காரும் படகு ஒன்றைக் காட்டுகிறார். அந்தப் படகில் நான்கு இருக்கின்றன. காலம் கடத்துவது, மறதி, சோம்பல், அளவு கடந்த தூக்கம். கவனித்தீர்களா? காலம் கடத்துவதைச் சோம்பலோடு சேர்த்து ஒன்றாக எண்ணிவிடவில்லை வள்ளுவர். தனியாக, அதுவும் முதலாவதாக வைக்கிறார்!

சோம்பல் உள்ளவர் எந்த வேலையும் செய்ய மாட்டார். காலம் கடத்துகிறவரோ எல்லா வேலையும் செய்வார்... அந்த ஒரு வேலையைத் தவிர! அந்த ஒன்றைச் செய்யாமலிருப்பதற்காகவே மற்ற பத்தைச் செய்வார். நம் திருப்பூர்ப் பெண் எண்ணெய் விட்டதும், மறுபடி செக்கிங் பார்த்ததும் அதற்காகத்தான்.

'சும்மா இருக்காதே, எழுந்து வேலை செய்' என்று இவர்களுக்குப் புத்தி சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர்கள் வேலைதான் செய்துகொண்டிருக்கிறார்கள். 'அந்த ஒரு வேலையைக் கண்டு ஏன் பயப்படுகிறாய்?' என்றுதான் கேட்க வேண்டும்.

நாளைப் போவார் ஏன் நாளையே போனார்?

'நாளை... நாளை...' என்று தள்ளிப் போட்டதாலேயே பெயர் பெற்ற ஒருவர் அறுபத்துமூன்று நாயன்மார்களில் இருக்கிறார். திருநாளைப்போவார்! நந்தனார் என்றால் உடனே தெரியும்.

கொள்ளிடக் கரையில் ஆதனூர். அங்கே புலைப்பாடியில் பிறந்தவர் நந்தனார். அவர் செய்த தொண்டு என்ன? கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், ஸ்வாமியின் அர்ச்சனைக்குக் கோரோசனையும் தருவது. சிதம்பரம் சென்று நடராஜப் பெருமானைத் தரிசிக்க வேண்டும் என்று தீராத ஆசை. இரவெல்லாம் தூக்கமில்லை. பொழுது விடிந்ததும் 'நாளைக்குப் போவேன்' என்பார். அந்த நாளை, நாளையாகவே போய்க்கொண்டிருந்தது.

இங்கே ஒரு விஷயம். 'நந்தனாரை எஜமானர் விடவில்லை, வயல் வேலையை முடித்துவிட்டுப் போ என்றார்' என்பதுதான் நம்மில் பலர் கேட்டு வளர்ந்த கதை. அது, 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில் வருவது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் அப்படியோர் எஜமானர் கிடையாது! அங்கே நந்தனாரைத் தடுத்தது, அவர் மனசுக்குள் இருந்த எண்ணம். 'என் பிறப்பைக் காரணம் காட்டி உள்ளே விட மாட்டார்களே' என்ற எண்ணம்.

அந்தப் பயம் வீண் பயமல்ல. அந்தக் காலத்தில் அவருக்கு வாசல் நிஜமாகவே அடைத்திருந்தது. அடைத்தது தெய்வமல்ல, மனிதர்கள். திருப்புன்கூரில் அவர் வெளியே நின்றே தரிசிக்க வேண்டுமென்பதற்காக நந்தியையே சற்று விலகியிருக்கச் செய்தார் சிவலோகநாதர். இன்றைக்கும் அங்கே நந்தி விலகியிருப்பதைத் தரிசிக்கலாம். தெய்வத்தின் மனசு எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சரி, 'நாளை' எப்போது 'இன்று' ஆனது? பயம் தீர்ந்த பிறகா? இல்லை. ஒருநாள் ஆசை பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது, புறப்பட்டுவிட்டார். தில்லை எல்லையை அடைந்த பிறகும் பயம் போகவில்லை. உள்ளே நுழையத் தயங்கி, ஊரின் எல்லையை இரவும் பகலுமாகச் சுற்றிச் சுற்றி வந்தார் என்கிறார் சேக்கிழார். அங்கே, எல்லையில் களைத்துப் படுத்த நந்தனாரின் கனவில்தான் தில்லைக்கூத்தன் தோன்றுகிறான். ஆதனூர்த் திண்ணையில் அல்ல!

தைரியம் வந்த பிறகு புறப்படலாம் என்று நாம் காத்திருக்கிறோம். நந்தனாரோ பயத்தையும் கூட்டிக்கொண்டே புறப்பட்டார். நிஜமாகவே அடைத்திருந்த வாசலை நோக்கி அவர் நடந்தார். நமக்கு முன்னால் இருப்பது, தட்டிப் பார்க்காமலேயே அடைத்திருப்பதாக நாம் நினைத்துக்கொள்ளும் கதவு!

கேட்பது பிச்சையா?

'எல்லாம் சரி. வாய்விட்டுக் கேட்க ஒரு மாதிரியாக இருக்கிறதே! கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?' என்பீர்கள். நியாயம்தான். பெண்பிள்ளை எதையும் வாய் திறந்து கேட்கக் கூடாது என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். ஔவையாரும் ஏற்பதை இகழ்ச்சி என்றுதான் பாடினார். வள்ளுவரும் இரந்து நிற்பதற்கு அஞ்ச வேண்டுமென்று தனி அதிகாரம் எழுதினார்.

ஆனால், அவர்கள் சொன்னது யாசகத்தை. யாசிப்பவரின் கையில், பதிலுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. உங்கள் கையில் சரக்கு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும்? வாணிபம் செய்பவர் பிறர் பொருளையும் தம் பொருளைப்போல் கருதிச் செய்ய வேண்டும் என்று 'நடுவு நிலைமை' அதிகாரத்தில் சொல்லும் வள்ளுவர், வாணிபத்தை இழிவு என்று எங்கும் சொல்லவில்லை. சங்க இலக்கியமான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பாராட்டுகிறது. எதற்கு? வாங்கும்போது அதிகமாக வாங்காமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் நடுநிலையோடு இருந்ததற்கு. அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையில், மோர்ப் பானையைத் தலையில் சுமந்து போய் விற்று வந்து, சுற்றத்துக்கே சோறு போடும் ஆயர்குலப் பெண்ணைக் காட்டுகிறார். நெய் விற்ற விலைக்குப் பொன் வேண்டாமென்று எருமையும் பசுவுமாக வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியசாலி அவள்! வாய் திறந்து பேசாமலா அது நடந்திருக்கும்?

ஏன், மதுரைச் சொக்கநாதரே தெருவில் விற்கவில்லையா? திருவிளையாடல் புராணத்தில் ஒருமுறை மாணிக்கம் விற்கிறார். ஒருமுறை பாணபத்திரருக்காக விறகு சுமந்து போகிறார். ஒருமுறை வணிகர் வீதியில் வளையல் விற்கிறார். ஆவணி மூலத் திருவிழாவில் வருடா வருடம் இந்த லீலைகளை நடத்திக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வளையல் அணிந்த பெண்கள் விலை கேட்டபோது, 'நாளை வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு மறைந்தாராம் ஸ்வாமி. அவர் 'நாளை' என்று சொல்லலாம். அவரிடம் சனிக்கிழமை சம்பளம் கேட்டு யாரும் நிற்கப் போவதில்லை. நாம் சொல்லலாமா?

செய்த வேலைக்குப் பணம் கேட்பதும் அப்படித்தான். அது உதவியல்ல, உரிமை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பதிவு செய்துகொண்ட குறு, சிறு தொழில் செய்பவரிடம் பொருளோ வேலையோ வாங்கியவர், எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தவணை எழுதிக்கொள்ளவில்லையென்றால் 15 நாட்கள்தான். மீறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் 3 மடங்கு கூட்டு வட்டியோடு தர வேண்டும். வீட்டில் நாலு மெஷின் வைத்திருப்பவர்களும் 'உத்யம்' பதிவைக் கட்டணமில்லாமல் செய்துகொள்ளலாம். தேசத்தின் சட்டமே கேட்கச் சொல்கிறது. நாம் என்னடாவென்றால் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்!

பூண்டியில் கேட்ட குரல்

கேட்பதற்கு வெட்கப்படாத ஒருவர், திருப்பூருக்குப் பக்கத்திலேயே நமக்குப் பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கிறார். சுந்தரமூர்த்தி ஸ்வாமிகள்!

திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் இருக்கிறது திருமுருகன்பூண்டி. கொங்கு நாட்டின் பாடல்பெற்ற ஏழு தலங்களில் ஒன்று. சூரபத்மனை வதம் செய்த தோஷம் நீங்க முருகப்பெருமான் சிவபூஜை செய்த தலம். ஸ்வாமியின் திருநாமம் திருமுருகநாதர். சேரமான் பெருமாள் அன்போடு தந்தனுப்பிய பொன்னையும் மணியையும் ஆட்கள் சுமந்து வர, இந்த வழியாக வந்தார் சுந்தரர். சிவபெருமானின் கட்டளைப்படி பூதகணங்கள் வேடர் வடிவில் வந்து அத்தனையையும் பறித்துக்கொண்டன. மாசித் திருவிழாவில் 'வேடுபறி' என்று இதை இன்றைக்கும் நடத்திக் காட்டுகிறார்கள்.

பொருள் போய்விட்டது. சுந்தரர் என்ன செய்தார்? 'எல்லாம் அவன் செயல்' என்று பேசாமல் ஊர் போய்ச் சேர்ந்தாரா? இல்லை. நேராகக் கோயிலுக்குப் போனார். 'வழிப்பறி நடக்கிற இந்த இடத்தில் நீர் எதற்காக ஐயா இருக்கிறீர்?' என்று ஸ்வாமியையே கேட்டார். பறிபோனதெல்லாம் கோயில் வாசலில் குவிந்தது. அந்த வழிப்பறி நடந்ததாகச் சொல்லும் இடத்தில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவர் பெயர் என்ன தெரியுமா? கூப்பிடு விநாயகர்! பொருள் இருக்கும் இடத்தைச் சுந்தரரைக் கூப்பிட்டுச் சொன்னாராம். போனை எடுக்கத் தயங்குகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பிள்ளையார் உண்டா?

சுந்தரர் வாழ்க்கை முழுக்கவே கேட்டவர். பரவையார் பங்குனி உத்திரத்துக்குச் செலவு செய்ய வேண்டுமே என்று திருப்புகலூருக்குப் போய்ப் பொன் கேட்டார். தலைக்கு வைத்துப் படுத்த செங்கல் பொன்னானது. குண்டையூரில் நெல் மலைபோலக் கிடைத்தது. தூக்கிப் போக ஆள் இல்லையே என்று, திருக்கோளிலி சென்று அதையும் கேட்டார்! அவர் கேட்டது தனக்காக மட்டுமல்ல. அந்தப் பொன்னையும் நெல்லையும் எதிர்பார்த்து ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டை எதிர்பார்த்து அடியார்கள் இருந்தார்கள். கேட்கும்போது நமக்கு நம் கௌரவம் மட்டும் கண்ணில் தெரிவதால்தான் நாக்கு எழ மறுக்கிறது. நம் பின்னால் நிற்பவர்கள் தெரிந்துவிட்டால் தானாக எழும்.

பிரித்து அறிய ஓர் உரைகல்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பலனை அவனிடம் விடுவது சரணாகதி. வேலையையே அவனிடம் விடுவது தட்டிக்கழிப்பு. வில்லைக் கீழே வைத்த அர்ஜுனனிடம், 'நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கண்ணன் சொல்லவில்லை. 'எழுந்திரு, உன் கடமையைச் செய்; பலனில் பற்று வைக்காதே' என்றுதான் சொன்னான். புட்டு விற்ற வந்திக் கிழவி, ஸ்வாமியே கூலியாளாக வந்து மண் சுமந்தபோதும், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. அவள் புட்டு அவித்துக்கொண்டுதான் இருந்தாள்.

எல்லாத் தாமதமும் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. நிதானித்துச் செய்ய வேண்டியதை நிதானித்தே செய்ய வேண்டும், உடனே செய்ய வேண்டியதில் தாமதம் கூடாது என்று வள்ளுவரே பிரித்துச் சொல்லியிருக்கிறார். கல்யாண முகூர்த்தத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நாள் பார்ப்பது நம் மரபு. விலை தெரியாமல் ஆர்டரை ஒப்புக்கொள்ளாமல், ஒரு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஆனால், நான்கு நாட்களாக ஒரு போனுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், நாம் பார்ப்பது பஞ்சாங்கத்தை அல்ல, சாக்கைத்தான்!

கேட்டால் கிடைத்தே தீருமா? அப்படிச் சொல்ல மாட்டேன். திருப்பூரே எத்தனை அடிகளைத் தாங்கியிருக்கிறது! கழிவுநீரால் 2011-ல் நீதிமன்ற உத்தரவின்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020-ல் ஊரடங்கு. அடுத்து நூல் விலை ஏற்றம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் பத்துப் பேரிடம் கேட்டாலும் பத்துப் பேரும் 'இப்ப இல்லைங்க' என்று சொல்லக்கூடும். அது உங்களை மறுப்பதல்ல. அவர்கள் கையிலும் ஆர்டர் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால், அந்த 'இல்லை' திங்கட்கிழமையே தெரிந்துவிட்டால், உங்களிடம் தைப்பவரிடம், 'கண்ணு, இந்த வாரம் வேலை கம்மியா இருக்குது. வேற இடம் இருந்தா ரெண்டு நாள் போய்ட்டு வா' என்று சொல்லலாம். அந்தப் பிள்ளையின் இரண்டு நாள் கூலி பிழைக்கும். நூல் கடைக்காரரிடம் முன்கூட்டியே தவணை சொல்லலாம். சனிக்கிழமை சாயங்காலம் தெரிந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? நம் பயத்துக்கு வேறொருவர் வட்டி கட்டும்படி ஆகிவிடுகிறது. தள்ளிப் போடுவது வெறும் கெட்ட பழக்கம் அல்ல, தர்மம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று சொல்வது இதனால்தான்.

சங்கல்பத்தில் நாளை இல்லை

மருந்து எங்கே இருக்கிறது? நம் பூஜையிலேயே இருக்கிறது. எந்தப் பூஜையானாலும் முதலில் சங்கல்பம் செய்துகொள்கிறோம். அதில் என்ன சொல்கிறோம் என்று கவனித்ததுண்டா? இன்ன வருஷம், இன்ன அயனம், இன்ன ருது, இன்ன மாதம், இன்ன பட்சம், இன்ன திதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம்... இந்த இடத்தில், இன்னார் ஆகிய நான், இன்ன காரணத்துக்காக, இந்தப் பூஜையைச் செய்கிறேன்! 'முடிந்தால் ஒருநாள் பார்க்கிறேன்' என்று எந்தச் சாஸ்திரிகளும் சங்கல்பம் செய்துவைப்பதில்லை.

பயப்படுகிற காரியத்துக்கும் இதேபோல் சங்கல்பம் செய்துகொள்ளுங்களேன்.

* ராத்திரி படுக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில், நாளை பேச வேண்டியவர் பெயர், கேட்க வேண்டியது, மணி மூன்றையும் எழுதுங்கள். 'கம்பெனிகளுக்குப் பேச வேண்டும்' என்று எழுதாதீர்கள். 'காலை பத்து மணி, இன்னார், ஐந்நூறு பீஸ்' என்று எழுதுங்கள்.

* சீட்டைப் பூஜையறையில் விளக்கடியில் வையுங்கள். காலையில் விளக்கேற்றி, 'பேசுவது என் வேலை, தருவது உன் இஷ்டம்' என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

* மணி வந்ததும் முதல் வாக்கியத்தை மட்டும் நினையுங்கள். ''அண்ணா, வணக்கமுங்க. முன்ன உங்களுக்குத் தைச்சுக் கொடுத்தோமுங்களே... இந்த வாரம் மெஷின் சும்மா இருக்குதுங்க. வேலை ஏதாச்சும் இருக்குதுங்களா?'' இவ்வளவுதான். மீதியை எதிராளி பேசுவார்.

* ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் வேலை முடிந்தது. இப்போது சொல்லுங்கள், 'அவன் பார்த்துப்பான்' என்று. இப்போது சொன்னால்தான் அது சரணாகதி!

பூண்டிக்குப் போகிறவர்கள் அப்படியே அவிநாசிக்கும் போய்க் கருணாம்பிகையையும் அவிநாசியப்பரையும் தரிசித்துவிட்டு வாருங்கள். பல வருடங்களுக்கு முன் முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட தலம் அது. முதலை வாயிலிருந்து வெளியே வந்த பிள்ளை, போன வயதில் இல்லை. இடைப்பட்ட வருடங்களுக்கு உரிய வளர்ச்சியோடு வந்தான். காலம் விழுங்கியதையும் சேர்த்துத் திருப்பித் தந்தான் இறைவன்.

அது சுந்தரருக்கு நடந்தது. நாம் 'நாளை' என்று சொல்லி முதலை வாயில் போட்ட நாட்கள் திரும்பி வரப்போவதில்லை. இன்றைக்குப் பேச வேண்டிய பேச்சு ஒன்று உங்களுக்கும் இருக்கும். யாரிடம் என்பதும் உங்களுக்கே தெரியும். கூப்பிடு விநாயகரை நினைத்துக்கொண்டு இன்றைக்கே கூப்பிட்டுவிடுங்கள், சகோதரிகளே!